மாமியாருக்கு ஒரு மரத்திரி

திரேசம்மாவுக்கும் அவருடைய மாமியாருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. மாமியார் உயிரோடிருந்தவரை மருமகளின் கறியில் உப்புக் கூடவோ குறையவோதான் இருந்தது. பேசாலையில் பக்கத்து வளவில் இருக்கும் எனக்கு அது நன்றாகவே தெரியும்; எங்கள் வேலி அவ்வளவு தடிப்பில்லை. அந்த மாமியாரின் கல்லறைக்காகத்தான் திரேசம்மா போன ஒக்ரோபர் முழுக்கக் குசினியைப் புகையாக்கிக்கொண்டிருந்தார்.

காரணம் கணவர் தோமஸ். சலரோகம், அதுதான் சீனி வியாதி, அவருடைய கண்களைக் கொண்டுபோய்விட்டது. தொழிலை விட்டதைக்கூடத் தாங்கிக்கொண்டார். ஆத்துமாக்கள் திருநாளில் தாயின் கல்லறையில் மெழுகுதிரி எரிகிறதா என்று மனைவியைக் கேட்க வேண்டியிருந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கல்லறைகள் இருக்கும் சேமக்காலையில் வாடைக்காற்று ஒரு திரியையும் விட்டுவைப்பதில்லை. கொளுத்திக் கொளுத்திக் கைசலித்த திரேசம்மா, முந்தின வருடம், எரிகிறது என்று பொய் சொல்லிவிட்டார். தோமஸ் கையை நீட்டிப் பார்த்தார். சூடில்லை. அன்றிலிருந்து அவர் மனைவியிடம் எதையும் கேட்பதில்லை, சோறு வெந்ததா என்றுகூட. ஏசியிருந்தாலாவது திரேசம்மாவுக்கு மனம் ஆறியிருக்கும்.

மரக்குச்சியைத் திரியாக வைத்தால் எரியும்போது சடசடக்கும் என்று மகள் டினோஜா போனில் ஒரு வீடியோ காட்டினாள். திரேசம்மா அதைப் பிடித்துக்கொண்டார். கோயிலில் மிஞ்சிய மெழுகை உருக்கிச் சிரட்டையில் ஊற்றினார். பனை ஈர்க்கு புகைந்தது. தடித்த குச்சி பற்றவேயில்லை. கடைசியில் தட்டையான ஐஸ்பழக் குச்சியைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து நட்டார். மெழுகுக்கு மேல் அது நகத்தளவுதான் நிற்க வேண்டும் என்பது பிடிபடுவதற்குள் என் பிள்ளைகள் தின்ற ஐஸ்பழம் கொஞ்சமல்ல.

திருநாளன்று பின்னேரம் சேமக்காலையில் அதைக் கொளுத்தினார். திரி மெல்லச் சடசடத்தது. தோமஸ் தலையைச் சாய்த்துக் கேட்டபடி கல்லறையருகே குந்தினார். அந்த முகம் இளகியதைப் பக்கத்தில் நின்ற நானும் பார்த்தேன். பிறகு ஒரு காற்று வந்தது. சத்தம் நின்றது.

"நூந்துபோச்சப்பா," என்றார் திரேசம்மா உடனேயே.

"தெரியும். நெருப்புப் பெட்டியைத் தா."

தோமஸ் முதுகால் காற்றை மறைத்துக்கொண்டு, சிரட்டையைத் தடவிக் குச்சியின் தலையைக் கண்டுபிடித்தார். மெழுகு விரலைச் சுட்டிருக்கும், கையை எடுக்கவில்லை. இரண்டாம் உரசலில் பற்றியது. கண் போன பிறகு தாய்க்கு அவர் தன் கையால் ஏற்றிய முதல் திரி அது. சடசடப்பு நிலைக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கல்லறையிடம் சொன்னார்:

"அம்மா, இது திரேசம்மா செய்தது."

மாமியாரின் செத்த வீட்டில்கூட அழாத திரேசம்மா அப்போதுதான் அழுதார்.