உபயம் எழுதிய சுவர்

பாலேஸ்வரி ரீச்சர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றியதை வெள்ளவத்தையில் யாரும் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து, இடம்பெயர்ந்து, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒற்றை அறை ஒன்றில் வந்து குந்தியவர். கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "எனக்குச் சரிசமனா ஓடக்கூடிய ஆம்பிளை ஒருத்தரும் அம்பிடேல்லை" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஒழுங்கை முழுக்க லொட்ஜ்கள். லொட்ஜ் முழுக்க வடக்கிலிருந்து வந்து, கனடாவுக்கும் சுவிஸுக்கும் விசா வருமென்று காத்திருக்கும் பெண்பிள்ளைகள். வெளியே இறங்கினால் சோதனைச்சாவடி. எங்கேயிருந்து வந்தாய், எதற்கு வந்தாய், எப்போது போவாய் என்ற கேள்விகள். அதனால் அறைக்குள் இருந்து ரீவி பார்ப்பதே அவர்களுக்கு உத்தியோகம். சுகிர்தா என்ற பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. இரண்டு வருடமாக மூன்றாம் மாடியில் அடைபட்டுக் கிடந்தவள், ஒருநாள் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றாள். அதைக் கண்ட ரீச்சர், 'ஓடித் திரியிற வயசில இப்பிடியோ' என்று காண்பவரிடமெல்லாம் சொல்லி ஆதங்கப்பட்டார்.

பிறகு நோர்வேயில் தம்பி வீட்டுக்குப் போனபோது அவர் ஒரு மண்டபத்தைப் பார்த்தார். சுவர் நிறையக் கட்டைகள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குஞ்சு குருமான் எல்லாம் அந்தக் கட்டைகளில் கையும் காலும் வைத்து உச்சிக்கு ஏறின. ஊர்ச்சனமே சேர்ந்து கட்டி, சனமே சொந்தமாக நடத்துகிற இடம். தெருவில் இறங்காமல் நாலு சுவருக்குள் மலை ஏறலாம் என்றால் வெள்ளவத்தைக்கு வேறென்ன வேண்டும்? திரும்பி வரும்போது சூட்கேஸ் நிறையக் கயிறு கொண்டுவந்தார். சாவடியில் ஆமிக்காரன் கயிற்றைத் தூக்கிப் பிடித்து முறைத்தான்.

"ரெதி வேலன்ன, மஹத்தயா" என்று ரீச்சர் சிங்களத்தில் சொன்னார். உடுப்புக் காயப்போடத்தானாம். அந்தக் கயிற்றில் பம்பலப்பிட்டி வரைக்கும் உடுப்புக் காயப்போடலாம். என்றாலும் விட்டுவிட்டான்.

ஒழுங்கை முனையில் ஒரு நலன்புரிச் சங்கம் இருந்தது. அதற்கு ஒரு மண்டபம். தலைவர் சிவபாதசுந்தரம் ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். கொழும்பிலே தன்னைக் கேட்காமல் மழைகூடப் பெய்யக்கூடாது என்று நினைப்பவர். மண்டபத்தைத் தருவதற்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"திறப்புவிழாவில ஒரு பிள்ளையாவது உச்சிக்கு ஏறிக் காட்டவேணும், ரீச்சர். இல்லாட்டி மண்டபத்தைத் திரும்பக் கலியாணங்களுக்குக் குடுத்திடுவம்."

"ஏறுவினம்" என்றார் ரீச்சர்.

இனிச் சுவர் வேண்டும். இங்கேதான் ரீச்சர் தன் கெட்டித்தனத்தைக் காட்டினார். கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் வெளியே வராதபடி அதன்மேல் தன் பெயரை எழுதிவைக்கிற சனம் இது. அவருக்குத் தெரியாததா? 'ஆளுக்கொரு கட்டை, கட்டைக்கொரு பெயர்' என்று அறிவித்தார். சங்கம் உற்சாகத்தில் பொங்கிவிட்டது. மருந்துக்கடை நாகேந்திரம் தன் பெயரிலும் மனைவி சரோஜினிதேவியின் பெயரிலும் ஒவ்வொன்று போட்டார். ஒருகொடவத்தையில் பழைய கொள்கலன் பலகை வாங்கி, கொட்டாஞ்சேனைத் தச்சரைப் பிடித்துச் சுவரை எழுப்பியாயிற்று. கட்டைகளில் சிவப்பு எழுத்தில் 'உபயம்' என்று பெயர்களும் ஏறிவிட்டன.

பிறகுதான் நாகேந்திரம் சுவருக்கு முன்னால் நின்று யோசித்தார்.

"ரீச்சர், என்ரை மனிசியின்ரை பேர் முழங்கால் உயரத்தில இருக்கு. அதில கால் வைப்பினமோ?"

"கால் வைக்காமல் பறந்தே போறது?"

"என்ன விளையாட்டுக் கதை கதைக்கிறியள்? பேருக்கு மேல கால் வைக்கிறதோ!"

அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் எல்லாருடைய மானமும் ஒன்றாக எழும்பி நின்றது. கையால் பிடிக்கலாம், கால் படக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம். கால் படாத உயரத்துக்குத் தங்கள் கட்டையை மாற்றச் சொல்லி ஆளுக்காள் அடிபட்டார்கள். தலைவருடையது உச்சியில், மின்விசிறிக்குப் பக்கத்தில் போனது. விழா நெருங்க, சுவரின் மேற்பகுதி கல்யாணப் பந்தி மாதிரி நெரிசலாகவும், கீழ்ப்பகுதி வெறும் பலகையாகவும் இருந்தன. சனம் சேர்ந்து கட்டிய சுவரில் சனம் ஏற வழியில்லை.

ரீச்சர் கூட்டத்தில் எழும்பி ஒரு பிடி பிடித்தார். "வெக்கமில்லையோ உங்களுக்கு? பிள்ளையளின்ரை காலைவிட உங்கடை பேர் பெரிசோ? சரி, அடிக்கட்டையளை நான் போடுறன். என்ரை அப்பான்ரை பேரை எழுதுங்கோ. உச்சிவரைக்கும் கால் வைக்கிற கட்டை எல்லாத்திலயும் அவர்தான். ஆர் வேணுமெண்டாலும் மிதிக்கட்டும்!"

தச்சர் ஒரே நாளில் வேலையை முடித்தார். கீழிருந்து மேலே, அமரர் கதிரவேற்பிள்ளை ஞாபகார்த்தம், அமரர் கதிரவேற்பிள்ளை ஞாபகார்த்தம் என்று சுவர் முழுக்க ரீச்சரின் அப்பா. அன்றைக்கு ரீச்சர் நடந்த நடையைப் பார்க்கவேண்டும். கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியே அவருக்கு எழுதிவைத்த மாதிரி இருந்தது.

திறப்புவிழா. குத்துவிளக்கு, தேவாரம், ஐந்து பேச்சுகள். சுவருக்கும் ஒரு மாலை. லொட்ஜ் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சுகிர்தா முன்னுக்கு வந்தாள். பல நாளாகப் படிக்கட்டில் ஏறி இறங்கி மூச்சைப் பழக்கியிருந்தாள். இடுப்பில் கயிறு ஏறியது. முகத்தில் இரண்டு வருடமாக இல்லாத ஒரு வெளிச்சம். ரீச்சர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி விசில் ஊதினார்.

சுகிர்தா வலது காலைத் தூக்கினாள். வெறுங்கால், லொட்ஜ் வாசலின் தூசி அப்பியிருந்தது. பெருவிரல் 'அமரர்' என்ற எழுத்தில் பட்டது.

"கால் வைக்காதை பிள்ளை!"

மண்டபம் திடுக்கிட்டது. கத்தியது நாகேந்திரம் அல்ல, தலைவரும் அல்ல. ரீச்சரின் வாய்தான். அவர் கை தன்பாட்டில் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது.

சுகிர்தா காலை இழுத்துக்கொண்டாள். தலைவர் எழும்பி வந்து ரீச்சரின் தோளைத் தட்டினார். "அதுதானே. பெத்த தேப்பன் எல்லோ" என்றார். நாகேந்திரத்துக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடத்தில் அந்தச் சங்கம் ரீச்சரைத் தன் ஆளாக ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். பின்வரிசையில் ஒருவர் மண்டபத்தின் அடுத்த முகூர்த்த நாளை விசாரித்தார்.

ரீச்சருக்கு அவமானத்தில் காது சுட்டது. 'வை பிள்ளை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். இரண்டு தரம் வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை.

சுகிர்தா இடுப்புக் கயிற்றோடு, ஒற்றைக் காலைத் தூக்கியபடியே, சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப நான் எங்கை ரீச்சர் கால் வைக்கிறது?"