நைனா டி செல்லாக நடித்த ஞாயிறு

மைக்ரோபயாலஜி படித்த காலத்தில், முதல் செமினாரில் பத்து நிமிடம் வாயே திறக்காமல் நின்றவள் நான். இரண்டாவதிலும் சொதப்பினால் இன்டர்னல் மார்க் கிடையாது, பரீட்சையும் எழுத முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார். தலைப்பு, நோயை எதிர்க்கும் டி செல் எப்படி விழித்துக்கொள்கிறது என்பது. படித்தது எதுவும் மண்டையில் ஏறவில்லை. அதனால் செமினாருக்கு முந்தின நாள் ஞாயிறு காலை, கல்மண்டபம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு ஹாலில் அதை நடித்துப் பார்க்க ஏற்பாடு செய்தேன்.

கிருமி பிடித்த செல்லைக் கொல்லும் டி செல், என் நைனா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், ஆகிருதி பொருந்தியது. கிருமியை விழுங்கி, அதில் ஒரு துணுக்கை வெளியே தூக்கிக் காட்டும் செல், அம்மா. துணுக்குக்குப் பதில் வஞ்சிர மீன் தலை. பக்கத்து வீட்டு அக்கா உதவி செல். இன்டர்லூகின்-2 என்ற ரசாயனத்தைக் கொடுத்து டி செல்லை உசுப்புவது அவர் வேலை. ரசாயனத்துக்குப் பதில் டீ.

துணுக்கைப் பார்த்தால் மட்டும் போதாது, கூடவே இரண்டாவது சிக்னலும் வந்தால்தான் டி செல் கிளம்பும் என்றேன்.

“எங்காண்டயும் அப்டிதாம்மா,” என்றார் நைனா. “கப்பல்ல கீறவன் கை மட்டும் காட்னா லோடு தூக்க மாட்டேன். விசிலும் வரணும்.”

எனக்கு இரண்டு மாதமாகப் புரியாதது அவருக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்ததில் வயிறு எரிந்தது. இரண்டாவது சிக்னலுக்கு அவருடைய பழைய விசிலை அம்மா கழுத்தில் மாட்டினேன்.

அம்மா தட்டில் மீன் தலையை நீட்டினார். அடுத்து ஊத வேண்டும். “கொயம்பு தீயுது,” என்று தட்டோடு அடுப்படிக்கு ஓடிவிட்டார்.

திரும்பி வந்தபோது டி செல் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர். அம்மா ஊதினார். நான் பிடுங்கி ஊதினேன். தெரு நாய்கள் எழுந்தன, நைனா எழவில்லை.

“நாளைக்கு என் மானம் போவுது, நீ தூங்கிகினு கீறியா நைனா?” என்று கத்தினேன். அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அக்கா டீயைக் கொண்டுவந்து அவர் மூக்கருகில் நீட்ட, ஒரு கண் திறந்தது.

“இன்னா, எவனைக் கொல்லணும்?”

நோட்டை மூடிவிட்டேன். அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை.

மறுநாள் செமினாரில் இரண்டு சிக்னலையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். மேடம் விடவில்லை. “முதல் சிக்னல் மட்டும் வந்து, ரெண்டாவது வரலைன்னா?”

அந்தப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை. கண்ணுக்குள் நைனாவின் பிளந்த வாய் மட்டும்தான் தெரிந்தது.

“தூங்கிடும் மேடம். அப்புறம் விசில் ஊதினாலும் எழாது.”

வகுப்பு சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. “எதுக்குமே எழாதா?”

“டீ குடுத்தா எழும். ஐயோ, இன்டர்லூகின்-2 மேடம்.”

“பெரும்பாலும் எழும்,” என்றார் மேடம். “நான் இன்னும் இதை நடத்தவே இல்லையே. எங்க படிச்சே?”

“வூட்ல மேடம்.”

மார்க் கிடைத்தது. நைனாவைத் திட்டியது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். விசிலைத் தொடவில்லை. நேராக அடுப்படிக்குப் போய் டீ போட்டேன்.