நெயில் பார்லரில் ஆவி

அந்தச் சின்ன நெயில் பார்லரில் அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். நகம் அழகுபடுத்திக்கொள்ள வந்தவர்களின் கையைப் பிடித்துவிட்டால் போதும், மாமியார் முதல் மாடி வீட்டுப் பூனை வரை நலம் விசாரித்துவிடுவாள். பார்லர் அவளுடைய அண்ணிக்குச் சொந்தம். இருவரும் அடுத்தடுத்த மேசையில் வேலை செய்தார்கள். ஏசி குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று அண்ணி கதவைச் சாத்தியே வைத்திருப்பாள். இருந்த ஒரே ஜன்னலையும் அலமாரி மறைத்துவிட்டது. உள்ளே நெயில் பாலிஷ், அதை அழிக்கும் அசிட்டோன், செயற்கை நகம் செய்யும் திரவம் எல்லாம் கலந்து மூக்கைத் துளைக்கும். அவர்களுக்குப் பழகிவிட்டது.

கொஞ்ச நாளில் ரேடியோ கரகரக்க ஆரம்பித்தது. தொண்டை கட்டியது, கண் எரிந்தது, சாயங்காலமானால் தலை விண்விண்ணென்று தெறித்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், மாஸ்க் மாட்டிப் பார்த்தாள். ஒன்றுக்கும் மசியவில்லை.

"லீவு நாள்ல மட்டும் எப்படிடி உனக்குச் சரியாகுது?" என்று அண்ணி சந்தேகமாகப் பார்த்தாள்.

அதே கேள்வியைத்தான் டாக்டரும் கேட்டார். வேலை என்னவென்று தெரிந்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. "இந்த மாஸ்க் தூசியைத்தாம்மா தடுக்கும், ஆவியைத் தடுக்காது. காத்து வெளிய போக வழி பண்ணுங்க."

அவள் நேராகப் பார்லருக்கு வந்தாள். "அண்ணி, நம்ம கடையில ஆவி இருக்காம். டாக்டரே சொல்லிட்டார்."

அண்ணிக்கு முகம் வெளுத்தது. எந்த ஆவி என்று தெரிந்ததும் கோபம் வந்தது. "கதவைத் தொறந்து போட்டுட்டு, தெருவுக்கா நான் ஏசி போடறது?"

"நீங்க மட்டும் என்னவாம்? ராத்திரியெல்லாம் இருமுறீங்கன்னு அண்ணன் போன் பண்ணிப் புலம்புறார்."

மறுநாள் எலக்ட்ரீஷியனை வரச் சொன்னவள் அண்ணிதான்.

அவர் வந்து, மேசைகளை ஒட்டிய சுவரில், மேசை மட்டத்திலேயே எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினார். ஆவி மூக்குக்கு ஏறும் முன்பே அது இழுத்துக்கொண்டது. புதுக் காற்று வரக் கதவையும் கொஞ்சம் திறந்து வைத்தார்கள். மத்தியானம் வரை இருவருக்கும் ஒரே கொண்டாட்டம். அப்புறம் பக்கத்துக் கடைத் தையல்காரர், கழுத்தில் டேப்போடு, புயல்போல நுழைந்தார்.

"என்னம்மா அநியாயம் இது? உங்க கடைக் காத்து பூராவும் என் ஜன்னல் வழியா வருது! அளவு குடுக்க வந்தவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க. கையைத் தூக்குன்னா தூக்க மாட்டேங்கிறாங்க!"

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்திருக்கவில்லை. எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்துகொண்டே திரும்ப வந்து, ஃபேனிலிருந்து கூரைக்கு மேலே வரை குழாய் ஏற்றினார். ரேடியோவும் பாட்டில்களை உடனுக்குடன் மூடினாள். அசிட்டோன் நனைத்த பஞ்சை மூடியுள்ள தொட்டியில் போட்டாள்.

முதலில் அண்ணியின் இருமல் அடங்கியது. பிறகு இவளுடைய தொண்டையும் தெளிந்தது. தையல்காரர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் போகிறார். அவர் மனைவி மட்டும் வந்து நகம் போட்டுக்கொள்கிறாள்.

கூரைக் குழாயைப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன சமைக்கிறீங்க?" என்று யாராவது எட்டிப் பார்ப்பதுண்டு.

"நகம்தான்! உக்காருங்க, உங்களுக்கும் பண்ணித் தர்றேன்" என்பாள் அவள்.