கடலைப் பார்த்துப் பதிந்த பாதங்கள்

சென்ற மாசி மாதம் என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருகோணமலைக்குக் கூட்டிப்போனேன். யப்பான்காரன் குண்டு போட்ட ஊருக்குப் பிள்ளைகளோடு போகிற பைத்தியம் யார் என்று கேட்காதீர்கள். குற்றவாளியைக் கைரேகையாலும் கால் தடத்தாலும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பொலிசார் மாணவருக்கு வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எல்லா வீட்டிலும் சம்மதம் கிடைத்தது, பூரணத்தின் வீட்டில் மட்டும் இல்லை. அவளுடைய தகப்பன் பருவத்துக்குத் திருகோணமலைக் கரையில் வாடி என்னும் ஓலைக் குடில் போட்டுக் கரைவலை இழுப்பவர். பக்கத்துப் படைக் களஞ்சியத்தில் இறைச்சி அடைத்த தகரங்கள் களவு போக, கடற்கரைப் பக்க வேலியருகே மணலில் இருந்த கால் தடம் அவருடையது என்று பொலிசார் கடலில் தொழில் செய்ய அவருக்குத் தந்த பாஸைப் பிடித்து வைத்திருந்தார்கள். பாஸ் இல்லாமல் வலை கடலில் இறங்காது.

"அந்தப் பொலிசிட்டயே பிள்ளைய அனுப்ப ஏலாது மாஸ்டர்" என்றாள் தாய். பூரணம் அழுது பிடிவாதம் பிடித்துத்தான் வந்தாள்.

இலங்கைத்துறையிலிருந்து மூதூருக்கு மாட்டுவண்டி. விடிய நாலு மணிக்குப் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்விடலாம். மூதூரில் பகல் இரண்டு மணிக்கு லோஞ்சி என்னும் மோட்டார் படகு, ஆளுக்கு முப்பத்தைந்து சதம்.

"பொலிசுக்குப் பிடிச்சுக்கொண்டு போறதத்தான் கண்டிருக்கன். காசு குடுத்துப் போறவங்கள இப்பதான் பாக்கிறன்" என்று லோஞ்சி ஓட்டிய முஸ்லிம் காக்கா சிரித்தார். நடுக்குடாவில் நான் குடலைக் கக்கிக்கொண்டிருக்க, கடற்கரைப் பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்த்தபடி அவித்த மரவள்ளிக்கிழங்கு தின்றார்கள். துறைமுக வாசலில் கடற்படையினர் மறித்து ஒவ்வொரு மூட்டையாகக் கிளறினார்கள். இரவு ஒரு பள்ளி மண்டபத்தில் குண்டுக்குப் பயந்து விளக்கில்லாமல் படுத்தோம்.

மறுநாள் வகுப்பு எடுத்த இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். மை தடவி எல்லாருடைய ரேகையும் எடுத்துக் காட்டினார். பிறகு சாந்தில் வார்த்த ஒரு கால் தட அச்சை மேசையில் வைத்தார்.

"தடம் கடலைப் பார்த்து இருந்தது. நல்ல ஆழம். அப்ப, ஆள் களஞ்சியத்தில இருந்து பாரம் சுமந்து வள்ளத்துக்குப் போயிருக்கிறான். சரிதானே?"

அச்சின் சுண்டுவிரல் கோணியிருந்தது. பூரணம் எழும்பினாள்.

"இல்ல ஐயா. குதிகால் மட்டுந்தான் ஆழம். இது கரைவலை இழுத்த கால். வலை இழுக்கிற ஆக்கள் கடலைப் பார்த்துக்கொண்டு பின்னால பின்னாலதான் நடப்பினம்."

"இந்தக் கால் ஆருடையதெண்டு தெரியுமோ?"

"ஓம். என்ட அப்பாட கால்."

அவரோடு கூட வலை இழுத்தவர்களும் இதையேதான் சொன்னார்களாம், சொந்தக்காரர்கள் என்றபடியால் எடுபடவில்லையாம். "தான் ஆடாவிட்டாலும் தசை ஆடும் பிள்ளை" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்ப எங்கட கதைய விடுங்கோ. மண்ணைக் கேளுங்கோ" என்றாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு கயிறும் சாந்துப் பொடியும் எடுத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் கரைக்கு நடத்திப்போனார். முதலில் ஒரு பொலிஸ்காரர் அரிசி மூட்டையைச் சுமந்து கடலை நோக்கி நடந்தார். அவர் கால் தள்ளிய மண் குதிக்குப் பின்னால் குவிந்தது. அடுத்து, கரையில் கிடந்த ஈர வலையில் கட்டிய கயிற்றைப் பிள்ளைகள் இழுத்தார்கள். குதி புதைந்தது, மண் விரல்களுக்கு முன்னால் குவிந்தது, மேசையில் பார்த்த அச்சில் இருந்தது போலவே. இன்ஸ்பெக்டர் முழங்காலில் இருந்து, பூரணத்தின் தடத்தில் தன் கையாலேயே சாந்து ஊற்றினார்.

"நாங்கள் விரலைப் பார்த்தனாங்கள், மண்ணைப் பார்க்கேல்ல" என்றார். அடுத்த கிழமை பாஸ் திரும்பி வந்தது, வலையும் கடலில் இறங்கியது.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். கிராமத் தலைமைக்காரரின் கடிதம் இல்லாமல் லோஞ்சியில் ஏறாதீர்கள். அரிசிக்குத் தட்டுப்பாடு, சோறு கட்டிக்கொண்டு போங்கள். வாடைக் காற்றில் குடாவைக் கடக்க வேண்டாம், வயிறு என்னைப்போல் என்றால் எந்தக் காற்றிலும் வெறும் வயிற்றோடு ஏறுங்கள். பொலிஸ் என்று பயப்படும் பிள்ளையை முதலாவதாகக் கூட்டிப்போங்கள்.

இன்ஸ்பெக்டர் இப்போது மேசையில் இரண்டு அச்சுகளை வைத்துத்தான் வகுப்பைத் தொடங்குகிறாராம். இரண்டிலும் குதி ஆழம், இரண்டிலும் சுண்டுவிரல் கோணல். அதில் சின்னது எங்கள் பூரணத்தினுடையது.