பவனியில் கை மாறிய பிள்ளை

காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினேன். தெருமுனைச் சுவரில் இரண்டு பேர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், யாருக்கோ கண்ணீர் அஞ்சலி. வாளியில் மைதாப் பசை. காய்ச்சி இறக்கி வெகுநேரம் ஆகவில்லை போல, வாசனை சூடாக வந்து முகத்தில் மோதியது. பால் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பார்த்தவர்கள் இறந்துபோனவருக்கு நான் சொந்தம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வந்தது துக்கம் இல்லை, பயம். திண்டுக்கல் வெயிலில் நின்றுகொண்டு மைதாப் பசையை முகர்ந்து பயப்படுகிற ஒரு மனுஷி இருக்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

கொடைக்கானலில் மே மாதம் பிறந்தால் எங்கள் சபையின் பின்கட்டில் இந்த வாசனைதான். விடுமுறை வேதாகமப் பள்ளி என்பது நோட்டீஸில் போடும் பெயர். வாயில் வருவது வி.பி.எஸ். ஊர் உலகமெல்லாம் குளிருக்காக மலையேறி வருகிற மாதத்தில் மலையில் இருக்கிற பிள்ளைகள் எங்கே போகும்? சபைக்கு வரும். பாட்டு, கதை, மனப்பாட வசனம், நடுவில் ஒரு பன்னும் சுக்குக் காப்பியும், மத்தியானத்துக்குள் வீடு. முடிவதற்கு முந்தின நாள் ஊருக்குள் பவனி. அதற்குத்தான் பசை. சார்ட் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, பிள்ளைகளின் தலைக்குத் தொப்பி செய்வோம். கொடைக்கானல் ஈரத்தில் பசை காயவே காயாது. தொப்பிகளை அடுப்பைச் சுற்றி நிறுத்திவைத்து, தீப்பிடித்துவிடுமோ என்று நான் காவல் இருப்பேன்.

இப்படிக் காவல் இருப்பது எனக்குப் பிறவிக்குணம். அப்போது கல்லூரி இரண்டாம் வருடம். எங்கள் சபையில் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு ‘பிகினர்ஸ்’ என்று பெயர். பள்ளிக்கூடம் போகாததுகளும் அப்போதுதான் போகத் தொடங்கியதுகளும் அதில் இருக்கும். கதை சொல்ல வேண்டியது கொஞ்சம், மூக்குத் துடைக்க வேண்டியது அதிகம் என்பதால் அந்த வகுப்பை யாரும் எடுக்க மாட்டார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, தலையில் கட்டிவிட்டார்கள். பன்னுக்காகக் குரங்கு வரும் என்று பயம். ஓட்டுக்கடியில் கூடு கட்டியிருந்த குளவியைக் கண்டால் பயம். ஒரு பிள்ளை இருமினால் அன்று முழுக்க அதன் நெற்றியையே தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் கேட்டால், நான் கதை சொன்னதைவிடத் தலையை எண்ணியதுதான் அதிகம் என்பார்கள்.

அந்த வகுப்பில் இருந்தவள்தான் முத்துமாரி. அவளுடைய அம்மா பாண்டியம்மாக்கா பேத்துப்பாறையிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். சீசனில் ஒரு லாட்ஜில் அறை கூட்டித் துடைத்து, போர்வை துவைக்கிற வேலை. இடுப்பில் கைக்குழந்தை ஒன்று, விரலைப் பிடித்துக்கொண்டு இவள். சபைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நெற்றி நிறையத் திருநீறு. முதல் நாள் வாசலில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நின்றார்.

“இங்க பிள்ளைகள எம்புட்டு நேரம் வச்சிருப்பீக?”

“மத்தியானம் வரைக்கும்க்கா.”

“லாட்ஜுல மாடிப்படியில உக்கார வச்சா மேனேஜர் சத்தம் போடுறாரு. சின்னவன முதுகுல கட்டிக்கிருவேன், இவதான் கால்ல சிக்கிக்கிட்டே கெடப்பா. எந்தச் சாமி கும்பிட்டாலும் சரி டீச்சரு, பத்திரமா பாத்துக்கிட்டாப் போதும்.”

பேரைச் சொன்னார், கையை என் கையில் கொடுத்தார், போய்விட்டார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

முத்துமாரி பேசவே மாட்டாள். என் ஷாலின் ஒரு முனையை உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். நான் எழுந்தால் எழுவாள், உட்கார்ந்தால் உட்காருவாள். முதலில் கழுத்து இறுகியது. பிறகு பழகிவிட்டது. பிறகு ஷாலில் அந்தச் சின்ன இழுப்பு இல்லாவிட்டால்தான் ஒரு மாதிரி இருந்தது.

பவனிக்கு வருகிறேன். எங்கள் சபை மேட்டில் இருந்தது. கீழே பள்ளத்தில் இன்னொரு சபை. எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள்தான், ஆனாலும் யாருடைய பவனியில் கூட்டம் அதிகம் என்பதில் இரண்டு சபைக்கும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. வி.பி.எஸ். பாடப்புத்தகம், பாட்டு, தொப்பியின் நிறம் எல்லாம் ஒரே கட்டாக மலைக்குக் கீழேயிருந்து எல்லாச் சபைகளுக்கும் வரும். ஆகவே அந்த வருடம் எங்கள் பிள்ளைகளுக்கும் நீலத் தொப்பி, அவர்கள் பிள்ளைகளுக்கும் நீலத் தொப்பி. இதை யாரும் யோசிக்கவில்லை. இத்தனை பயம் பயந்த நான்கூட யோசிக்கவில்லை.

சின்னப் பிள்ளைகள் சிதறாமல் இருக்க நைலான் கயிறு ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். தேவராஜ் அண்ணன் முன்னால் மெகாபோனோடு போனார். சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவர், அந்த ஒரு வாரமும் சவாரியை விட்டுவிட்டு சபையிலேயே கிடப்பார். ஏழு ரோடு சந்திப்புக்கு நாங்கள் இறங்கவும் எதிரே பள்ளத்துச் சபைப் பவனி ஏறி வரவும் சரியாக இருந்தது. யாரும் ஒதுங்கவில்லை. இந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் கூடியது, அந்தப் பக்கமும் கூடியது. ஒரே பாட்டு. அந்த வருடத்துப் பாட்டுக்கு ஆக்‌ஷன் என்ன தெரியுமா? ஒரு சுற்று சுற்றி, பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரமாக நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். பிள்ளைகள் கயிற்றை விட்டன, சுற்றின, கைக்கு எட்டிய கையைப் பிடித்தன. கேரளா வேன்காரன் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான். அந்த நேரம் பார்த்து ஏரிப்பக்கமிருந்து மேகம் ஏறி வந்து எல்லாரையும் மூடிவிட்டது. மலைக்காரர்களுக்கு இது தினப்படி விஷயம். எனக்குக் கைக்கெட்டும் தூரத்துத் தொப்பிகூடத் தெரியவில்லை.

“கயித்தப் பிடிங்க, கயித்தப் பிடிங்க” என்று கத்தினேன். நீலத் தொப்பிகள் வந்து பிடித்தன. எண்ணினேன். சரியாக இருந்தது. மேகத்துக்குள்ளேயே மேடேறி சபைக்கு வந்து, வாசலில் மறுபடி எண்ணினேன். சரியாக இருந்தது. பன் கொடுத்தார்கள், எல்லோருக்கும் சரியாக வந்தது. அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். ஷால் என் தோளில் சும்மா கிடந்தது.

இழுக்க ஆளில்லை.

ஒவ்வொரு தொப்பியாகத் தூக்கி முகத்தைப் பார்த்தேன். கடைசித் தொப்பிக்குக் கீழே, இதுவரை நான் பார்த்தே இராத ஒரு பையன் பன்னைத் தின்றுகொண்டிருந்தான்.

“யாருடா நீ?”

“ஜோயல்.”

“எந்தக் கிளாஸ்?”

“பிகினர்ஸ்.”

“உங்க கிளாஸ் எடுக்குற அக்கா எங்க?”

கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினான்.

இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். பயம் வந்தால் எனக்குக் கால்தான் வேலை செய்யும், தலை வேலை செய்யாது. ஏழு ரோட்டுக்கு ஓடினேன். சோளக்கதிர் சுட்டு விற்கிற அம்மாவிடம் கேட்டேன். “நீலத் தொப்பி போட்ட பிள்ள நூறு போச்சே பாப்பா, நீ எதக் கேக்குற?” என்றார். குதிரைக்காரரிடம் கேட்டேன், சைக்கிள் வாடகைக்கு விடுகிற பையனிடம் கேட்டேன். ஏரிக்கரையில் தண்ணீரே தெரியவில்லை, படகுத் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த ஏரியை வருடம் முழுவதும் பார்த்து வளர்ந்தவள் நான். அன்றுதான் அதன் கரையில் எத்தனை இடத்தில் கம்பி இல்லை என்று கண்ணில் பட்டது. வளைவில் காட்டெருமை ஒன்று ரோட்டோரம் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. டூரிஸ்டுகள் தள்ளி நின்று போட்டோ எடுத்தார்கள். நான் அதன் பின்னால் போய், அந்தப் பக்கம் பிள்ளை நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், குரங்குக்குப் பயந்தவள்தான் போனேன். அந்தப் பிள்ளை யாராவது பேர் கேட்டால்கூடச் சொல்ல மாட்டாளே என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. ஆண்டவரே ஆண்டவரே என்று மட்டும் வாய் சொன்னது, அதற்குமேல் ஜெபம் வரவில்லை.

பின்னாலிருந்து ஜீப் வந்து நின்றது. தேவராஜ் அண்ணன். பக்கத்து சீட்டில், தொப்பியைக் கழற்றாமல், ஜோயல்.

“ஏறு பாப்பா. இந்தப் பய என்ன சொல்றான்னு கேளு. டேய், அக்காட்ட சொல்லு.”

“எங்க கோயிலுக்கு எறங்கித்தான் போவோம்” என்றான் ஜோயல். “இன்னிக்கு எதுக்கு ஏத்தத்துல கூட்டிட்டுப் போனீக?”

பள்ளத்துச் சபை வாசலில் ஜீப் நிற்குமுன் குதித்தேன். உள்ளே ஏக அமைதி, ஒருவரும் யாரையும் தேடவில்லை. அவர்களும் எண்ணியிருக்கிறார்கள், அவர்களுக்கும் சரியாக இருந்திருக்கிறது. என் வயதுப் பெண் ஒருத்தி கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஷாலின் முனையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முத்துமாரி உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், உயிர் வந்த அதே நிமிஷத்தில் எனக்குச் சுருக்கென்று ஒரு கோபமும் வந்தது. யார் ஷாலானாலும் சரியா உனக்கு? தூக்கிக்கொண்டபோது அவள் என் ஷாலை எட்டிப் பிடித்தாள். நான் அழுதுவிட்டேன்.

ஜோயலை அங்கே விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் தேவராஜ் அண்ணன் சொன்னார்: “அவுக அம்மாட்ட சொல்லாத. பிள்ளதான் கெடைச்சிருச்சுல்ல. பாவம், வேலைக்குப் போற பொம்பள, எதுக்கு அவுக நிம்மதியக் கெடுக்கணும்?”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் மத்தியானம் பாண்டியம்மாக்கா சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கையோடு வந்து நின்றதும் எனக்கு எல்லாம் வாயில் வந்துவிட்டது. மேகம், பாட்டு, தொப்பி, பள்ளம், ஒன்றையும் விடவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பிள்ளையை உச்சியிலிருந்து பாதம் வரை தடவினார்.

“சாப்ட்டியா?”

முத்துமாரி தலையை ஆட்டினாள். அவர் அவள் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிப் பெஞ்சின்மேல் வைத்தார். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. இரண்டு அறை கொடுத்திருந்தால் இன்னும் தேவலை. இனி அந்தப் பிள்ளை வராது என்று நினைத்துக்கொண்டேன். வராமலிருப்பதுதான் நியாயம் என்றும் தோன்றியது.

மறுநாள் நிறைவு விழா. வெள்ளனே போய் வாசலில் நின்றேன். எல்லாப் பிள்ளைகளும் வந்தாயிற்று. முதல் பாட்டு தொடங்கிய பிறகு பாண்டியம்மாக்கா மேடேறி வருவது தெரிந்தது. ஒரு கையில் முத்துமாரி, இடுப்பில் சின்னவன். வந்ததும் முத்துமாரியின் கையை என் கையில் கொடுத்தார். பிறகு சின்னவனை இடுப்பிலிருந்து இறக்கி என் இடுப்பில் வைத்தார்.

“இவனையும் வச்சுக்கங்க டீச்சரு. லாட்ஜுல இன்னிக்குக் கூட்டம், இவனத் தூக்கிட்டு வந்தா சோலி இல்லன்னுட்டாரு மேனேஜர்.” கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். “கைய விட்றாதீக.”

அன்று முழுக்க நான் எண்ணவே இல்லை. இரண்டு பிள்ளைகளையும் விட்டு நகரவும் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் மேடையில் என்ன பாடின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் என்னை நம்பினார் என்று பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆண்டவர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்லும் வேளையில் சபையில் எழுந்து நின்றும் சொன்னேன், பின்வரிசையிலிருந்து ஆமென் வந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எனக்கென்று ஒரு மகள் பிறந்த பிறகுதான் அந்தக் கதை வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. நம்பிக்கை என்பதெல்லாம் என் வார்த்தை. அந்த அம்மா அன்று முழுக்க யாரோ படுத்தெழுந்த போர்வைகளை அலசிக்கொண்டு, வயிற்றில் எதைக் கட்டிக்கொண்டு இருந்தாரோ.

இப்போது கொடைக்கானலில் பவனி இல்லை. சீசன் நெரிசலில் பிள்ளைகளை ரோட்டில் இறக்கக் கூடாது என்றாகிவிட்டது. மேட்டுச் சபையும் பள்ளத்துச் சபையும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு ஹாலில் வி.பி.எஸ். நடத்துகின்றன. பாட்டு திரையில் ஓடுகிறது. அந்த லாட்ஜை இடித்துவிட்டு ரிசார்ட் கட்டிவிட்டார்கள். பாண்டியம்மாக்கா பிள்ளைகளோடு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகத் தேவராஜ் அண்ணன் ஒரு தடவை சொன்னார். முத்துமாரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் இன்று எனக்கு அடையாளம் தெரியாது.

போன மே மாதம் இங்கே திண்டுக்கல்லில், பக்கத்துச் சபை வி.பி.எஸ்.ஸில் மகளைச் சேர்க்கக் கூட்டிப்போனேன். பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டுகிறார்கள். கேட்டைப் பூட்டிவைக்கிறார்கள், மேலே காமிரா. அன்றைக்கு நான் எதற்கெல்லாம் ஏங்கினேனோ அத்தனையும் இருந்தது. கல்லூரி படிக்கிற வயதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

“விட்டுட்டுப் போங்கக்கா, நாங்க பாத்துக்கிறோம்.”

நல்ல பெண். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மகளும் அவளிடம் போகக் கையை நீட்டிவிட்டாள். பாண்டியம்மாக்காவுக்கு அன்று அப்படி நீண்ட கை என்னுடையது ஒன்றுதான் இருந்தது. எனக்கு வீடு இருந்தது, வீட்டில் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். “நாளைக்கு வர்றோம்மா” என்று சொல்லிவிட்டு, அழ அழ மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளும் போகவில்லை.