புயல் சிம்பனியில் என் முழங்கை

போன கிழமை மெல்பேர்ணின் ஸ்பிரிங்வேலில் மரக்கறிக் கடை வரிசையில் நின்றேன். கடைக்காரரின் ரேடியோவில் வயலின்கள் கூட்டமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. திடீரென்று என் முழங்கை, என்னைக் கேட்காமலே, முன்னால் நின்றவரின் விலாவில் இடித்தது. அதே நொடியில் ரேடியோவில் ஹார்ன் என்கிற பித்தளைக் கொம்பு முழங்கியது. மன்னிப்புக் கேட்டேன், காரணம் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எழுபதுகளில் மெல்பேர்ணில் நான் கட்டட வரைபடம் கீறுகிற வேலையில் இருந்தேன். தமிழரை எண்ணக் கைவிரல்கள் போதும். மிஞ்சினால் ஒரு கால். நான் மேசையில் தாளம் தட்டுவதை, எங்கள் தட்டெழுத்தாளர் டொரத்தி கவனித்திருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் மிருதங்கம் பழகியவன் என்றதும் அவள் கண்கள் விரிந்தன. அவள் எங்கள் பகுதி இசைக்குழுவில் குழல் வாசிப்பவள். “புதன்கிழமை வா, புயல் மாதிரி ஒரு சிம்பனி வாசிக்கப் போகிறோம்” என்றாள்.

புயல் என்றால் இடி. இடி என்றால் மேளம். அன்றைக்கே அப்பாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன், வெள்ளைக்காரரின் குழுவில் வாசிக்கிறேன் என்று. என் அறைத்தோழன் சிவபாலன் மெல்பேர்ண் முழுக்கச் சொல்லிவிட்டான்.

குழுவை நடத்திய பிராங்க் பகலில் இறைச்சிக் கடைக்காரர். கையில் எப்போதும் ஆட்டிறைச்சியும் சவர்க்காரமும் கலந்த வாசனை. ஆஸ்திரியாவில் இருநூறு வருடத்துக்கு முன், அதுவரை இனிமையாக எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று கோபம் வந்த காலமொன்று இருந்ததாம். இது அந்தக் காலத்துச் சிம்பனி. வயலின்கள் பாயும், சட்டென்று மௌனம், மறுபடி பாய்ச்சல். ஆனால் எங்கள் குழுவில் ஒரு பல் வைத்தியர், நாலைந்து ஆசிரியைகள், எல்லாரும் தங்கமானவர்கள். “கோபம்! இன்னும் கோபம்!” என்று பிராங்க் கத்துவார். அவர்கள் புன்னகையோடு தலையாட்டிவிட்டுத் தாலாட்டுப் போல வாசிப்பார்கள்.

“என் மேளம் எங்கே?” என்று கேட்டேன்.

“இதில் மேளமே கிடையாதே” என்றார் பிராங்க்.

டொரத்தியின் முகம் சிவந்தது. என் முகத்துக்கு அந்த வசதி இல்லை. நான் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பிராங்க் மறித்தார். “உனக்கு எண்ணத் தெரியும்தானே?”

சங்கதி இதுதான். ஹார்ன் ஊதுகிற ஆர்தர், ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். இடையில் நீண்ட நேரம் ஊத வேலையில்லாதபோது தூங்கிவிடுவார். தாளம் எண்ணிச் சரியான இடத்தில் அவரை இடித்து எழுப்ப ஓர் ஆள் வேண்டும். அப்படித்தான் நான் மேலை இசைக்குள் நுழைந்தேன்.

கச்சேரி நாளன்று பதினொரு தமிழர் இரண்டு கார்களில் வந்து முன்வரிசையை நிரப்பினார்கள். மேடையில் ஆர்தருக்குப் பக்கத்தில், சிவபாலனின் கறுப்புக் கோட்டில், வாத்தியம் ஏதுமின்றி, தொடையில் விரல் மடக்கியபடி நான். ஆர்தர் மெல்லக் குறட்டை விட்டார். கடைசிப் பகுதி. இருபத்தேழு, இருபத்தெட்டு... சட்டென்று அந்த மௌனம். முடிந்துவிட்டது என்று நினைத்த சிவபாலன், “சபாஷ்!” என்று எழும்பிக் கைதட்டினான்.

எனக்கு எண்ணிக்கை பறந்துவிட்டது. வயலின்கள் மெதுவாகத் தொடங்கின. இருபத்தொன்பதா, முப்பத்தைந்தா? கடவுளே என்று இடித்தேன். ஆர்தர், மணி கேட்டதும் டிராமைக் கிளப்பியவரல்லவா, மார்பு வெடிக்க ஊதினார். தாங்கள்தான் இடம் தவறிவிட்டோம் என்று ஆசிரியைகள் பதறிப் பாய்ந்தார்கள். பல் வைத்தியர் பக்கத்து அம்மாவை முறைத்தார். ஆளுக்காள் ஆத்திரத்தோடு கடைசி வரை துரத்திக்கொண்டு போய் முடித்தார்கள். சபை எழுந்து நின்றது. பிராங்கின் கண்ணில் நீர். “நாலு வருடமாக நான் கேட்ட கோபம் இதுதான்!” என்றார்.

வெளியே சிவபாலன் மறித்தான். “நீ ஒண்டும் வாசிக்கேல்லையே?”

“நான் எண்ணினனான்.”

“எண்ணுறதுக்கோ என்ர கோட்டை வாங்கினனீ?”

என்ன வாத்தியம் என்று கேட்டு அப்பா எழுதியிருந்தார். ஹார்ன் என்று பதில் போட்டேன். முழுப்பொய் என்று சொல்ல முடியாது.

அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. பிராங்கின் கடையில் கைப்பேசி திருத்துகிறார்கள். ஆர்தர் ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டாரென்று டொரத்தி ஒருநாள் தொலைபேசியில் சொன்னாள். நான் அப்போது சில வருடம் சிட்னியில் இருந்தேன். பக்கத்தில் இடிக்க ஆளில்லாமல் போயிற்றே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.