சாயத்துக்குப் பயந்த என்னை அம்மன் கரை சேர்த்தாள்

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. கொழுந்தனாரும் அவர் சம்சாரமும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததால், அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் என் கையில்தான் சோறு தின்றார்கள். ஐந்து பேரும் இன்றைக்குத் திருப்பூரிலும் தாராபுரத்திலும் நன்றாக இருக்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கீர்த்தனா எழுதுகிறாள். நம் அம்மனை நம்புகிற எல்லோரும் இதைக் கேட்க வேண்டும்.

கடந்த ஆடி மாதம் எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் வந்தது. வலி என்று சொல்ல முடியாது. யாரோ மேலே ஏறி உட்கார்ந்திருப்பது போல. வாசலிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் நின்று நின்று போவேன். என் மகன் செல்வராசு பனியன் கம்பெனி வேலையைப் போட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். இருதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கும், கை வழியாகக் குழாய் விட்டு, டை செலுத்திப் படம் எடுத்தால்தான் தெரியும் என்றார்கள். ஆனால் சர்க்கரை நோயால் என் கிட்னி ஏற்கெனவே கெட்டிருக்கிறது, டை விட்டால் மிச்சமும் போய்விடலாம் என்றார்கள். விடாமல் இருந்தால் இருதயத்துக்கு உத்தரவாதம் இல்லை.

டை என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. எங்கள் ஊரில் டை என்றால் சாயம். எங்கள் தோட்டத்துக்கு மேற்கே சாயப்பட்டறைகள் வந்த பிறகு, ஒருநாள் கிணற்றில் இறைத்த தண்ணீர் ஊதா நிறத்தில் வந்தது. தென்னை காய்ந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த எருமை செத்தது. தோட்டத்தை விட்டுவிட்டு நாங்கள் டவுனுக்கு வந்தது அதனால்தான். அந்தச் சாயத்தை என் ரத்தத்தில் விடுவதா?

"ஏன்டா செல்வராசு, என்னையப் பனியன் துணின்னு நெனச்சுட்டாங்களா, முக்கி எடுக்கறதுக்கு?" என்றேன்.

"அம்மா, அது வேற டைம்மா."

"எதா இருந்தா என்ன? கெணத்தக் கொன்னது போதும். நான் ஊட்டுக்குப் போறேன்."

வீட்டுக்கு வந்தேன். பாரமும் கூடவே வந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. ஐந்து பேரை ஆளாக்கியவள், பாத்ரூமுக்குப் போக மருமகள் தோளைப் பிடித்தேன். இதற்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் குலதெய்வம் மூலனூர்ப் பக்கம் இருக்கிறாள். போக உடம்பில் தெம்பில்லை. கட்டிலை அந்தத் திசை பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னேன். விளக்கு ஏற்றி வைத்தார்கள். "ஆத்தா, ஒரு சொட்டுச் சாயம் இல்லாம எனக்கு ஒரு வழியக் காட்டு. மாவிளக்கு எடுத்துட்டு வாரேன்" என்று வாய்விட்டுக் கேட்டேன். கண்ணீர் நிற்கவில்லை.

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே தாராபுரத்திலிருந்து மகள் போன் செய்தாள். அவள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் கிட்னி சரியில்லையாம். கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மா சென்சார் வைத்த குழாயை உள்ளே விட்டு, டை மிகவும் குறைவாகச் செலுத்தி, அவர் அடைப்பைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறாராம். அன்று காலையில்தான் அந்தப் பெரியவர் வீடு திரும்பினாராம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

செல்வராசு என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனான். அந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது, தெற்கத்திப் பேச்சு. என் கிணற்றுக் கதை முழுவதையும் கேட்டார். பிறகு ஒரு புட்டியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"இதாம்மா அந்த டை. துணிச் சாயம் இல்ல. படத்துல ரத்தக்குழாய் தெரியுறதுக்கு விடுற மருந்து."

தண்ணீர் போல இருந்தது. "நெறமே இல்லீங்களே சாமி! நெறமில்லாத சாயத்த எங்கூருல ஒருத்தனும் வாங்க மாட்டானுங்க."

அவர் சிரித்துவிட்டார். "ஆனா நீங்க பயந்ததுல பாதி நியாயம் உண்டும்மா. உங்க கிட்னிக்கு இது பாரந்தான். கொஞ்சமா விட்டுட்டு, மிச்சத்த சென்சார வச்சே பாத்துக்கிடுதேன்."

"ஒரு சொட்டும் வேண்டாம்னு ஆத்தாகிட்டக் கேட்டிருக்கறனுங்க."

"கொஞ்சம் விட்டுத்தான் ஆகணும். உங்க ஆத்தாகிட்ட நானும் சொல்லிக்கிடுதேன்."

அந்தச் சொல்லில்தான் நான் இறங்கி வந்தேன்.

மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். நான் விழித்தேதான் இருந்தேன். குழாயின் நுனியில் இருக்கிற சென்சார் உள்ளிருந்தே படம் அனுப்பியது. டிவியில் வட்டமாகத் தெரிந்தது, மேலே நின்று கிணற்றை எட்டிப் பார்ப்பது போல. சுற்றிலும் சுண்ணாம்பு படிந்தது போல அடைப்பு. எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்று அந்தப் படத்திலேயே அளந்து, அதற்குத் தக்க ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாயை வைத்தார். அதை விரிக்க உள்ளே பலூன் ஊதும்போது நெஞ்சைப் பிசைந்தது. "ஆத்தா, ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது.

இன்னும் கிட்னி பாக்கி இருந்தது. திரும்ப ரத்தம் எடுத்துப் பார்க்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்னே எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, குறையவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். நான் அழுதேன். பக்கத்தில் நின்ற செல்வராசும் அழுதான்.

நான் கேட்டபடி ஒரு சொட்டும் இல்லாமல் நடக்கவில்லை. கொஞ்சம் விட்டார்கள். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கொஞ்சத்தை என் உடம்பு தாங்கும் என்று எனக்குத் தெரியாது, அம்மனுக்குத் தெரிந்திருந்தது. முன்பெல்லாம் இதைச் செய், அதைச் செய்யாதே என்று அவளுக்கே வேலை சொல்லுவேன். இப்போது குறையைச் சொல்லிவிட்டு, "உனக்குத் தெரியும் ஆத்தா" என்று நிறுத்திக்கொள்கிறேன். என் காலாலேயே நடந்து போய் மாவிளக்கு எடுத்தேன். மாத்திரையைத் தவறவிடுவதில்லை.

நெஞ்சில் பாரத்தை வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிற தாய்மார்களே, உங்கள் பயத்தை அம்மனிடம் சொல்லுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை, டாக்டரிடமும் சொல்லுங்கள். அவள் யார் வாய் வழியாகப் பதில் சொல்லுவாள் என்று நமக்குத் தெரியாது. என்னைக் கைவிடாதவள் உங்களையும் விடமாட்டாள்.

போதும் கண்ணு, பேனாவ வையி. மொதல்ல இருந்து ஒருக்காப் படி பாக்கலாம். மெதுவாப் படி. அப்பாயிக்குக் காது நல்லாக் கேக்குது, ஒரு வார்த்தைய முழுங்குனாலும் கண்டுபுடிச்சுருவேன்.